மஞ்சள் படிந்த ஒரு ரூபாய்

போன வருடம் ஆவணிப் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் காலை, திருவண்ணாமலை டவுனில் ஒரு வங்கியின் தரையில் உட்கார்ந்து நானும் என் கணவரும் ஒரு ரூபாய்க் காசு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அன்றைக்கு அங்கே இருந்தவர்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையைத் தாண்டி எங்களுக்கு ஒரு டீக்கடை. பௌர்ணமி வந்தால் ஜனம் ஆறாக ஓடும். ஆறு வடிந்த பிறகு மணல் தங்குவதுபோல எங்கள் கடையில் சில்லறை தங்கும். டீக்கு வந்தது பாதி. பாதையோரம் உட்காரும் சாமியார்கள் தங்கள் தட்டில் விழுந்ததைக் கொண்டுவந்து நோட்டாக மாற்றிக்கொண்டு போவது மீதி. விபூதியும் குங்குமமும் கற்பூரக் கரியும் ஒட்டிய காசுகள். அவற்றைப் பிரித்து, நூறு நூறாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி வங்கியில் கட்டிவிட்டு வருவோம். காசு கொட்டும் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதற்குள் ஒரு மழை இருக்கிறது. ஓய்ந்த பிறகும் காதுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த மாதம் மட்டும் எந்த மழையும் என் காதில் விழவில்லை. கணவருக்கு நெஞ்சில் அடைப்பு. வேலூரில் ஆபரேஷன், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பயத்தைக் கேலி பேசியே கரைப்பவர். சாமியும் அவர் கேலிக்குத் தப்பியதில்லை. "மலையாவே நிக்கிற சாமிக்கு உன் சில்லறை எதுக்கும்மா?" என்பார். அதனால் அவரிடம் சொல்லாமல், மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நல்லபடியாகத் திரும்பி வந்தால் அவர் கையாலேயே அதைக் கோயில் உண்டியலில் போட வைக்கிறேன் என்று வேண்டுதல். வேலைக்கு நடுவே அடிக்கடி உள்ளே போய் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்ப்பேன். அது இருந்தால் இவர் இருப்பார். மனசு அப்படித்தான் பிடித்துக்கொண்டது, அதனிடம் நியாயம் பேச முடியுமா?

வங்கியில் பணம் வாங்கும் இடத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். கவர்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எல்லாம் நூறு நூறா இருக்குங்களா?"

"எண்ணிப் பாத்துக்கம்மா. ஒண்ணுல மட்டும் ஒரு ரூபா கம்மியா இருந்துச்சு. சாமி படத்தாண்ட துணியில கட்டிக் கெடந்தத அவுத்துப் போட்டு சரி பண்ணிட்டேன்" என்றார் இவர், பெருமையாக.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, அத எதுக்குங்க எடுத்தீங்க?"

"ஒரு ரூபாதானேம்மா? இன்னாமோ தங்கக் காசு கணக்கா பதர்ற. வேற ஒண்ணு கட்டி வெச்சுட்டா போச்சு."

"அது உங்களுக்காக முடிஞ்சு வெச்ச காசுங்க."

இவர் கண்ணாடித் தடுப்புக்குள் நீட்டியிருந்த கையை மெல்ல இழுத்துக்கொண்டார். எந்தக் கவர் என்று கேட்டேன். தெரியவில்லை. ஒரு ரூபாய்க் கவர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னும் எண்ட்ரி போடலைங்க. அந்த ஓரமா கொட்டிப் பாருங்க. ஆனா மறுபடி நூறு நூறா கட்டித்தான் குடுக்கணும்" என்றாள்.

பாஸ்புக் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பேப்பரை விரித்துக் கொட்டினோம். டோக்கனோடு நின்ற ஒருவர், "இன்னாப்பா இது, உண்டியல் எண்றத இங்க மாத்திட்டாங்களா?" என்றார். ஒரே சிரிப்பு. அப்போது பூக்கார அம்மா ஒருத்தி கூடையை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தள்ளுக்கா. இன்னா தேடணும்?" மஞ்சள் கறை படிந்த காசு என்று, எங்கள் டீக்கடை, இவர் ஆபரேஷன், என் வேண்டுதல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. கேலி பேசினவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார்.

"கெடச்சிட்ச்சு!" என்று பூக்கார அம்மாதான் முதலில் கத்தினாள். நல்ல மஞ்சள். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சை விடுவதற்குள் இன்னொன்று கிடைத்தது. அதுவும் மஞ்சள். அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒரு கைப்பிடி சேர்ந்துவிட்டது.

இவர் அதை உள்ளங்கையில் பரப்பி என்னிடம் நீட்டினார். "இதுல என்னுது எதும்மா?" அந்தக் குரலில் துளிக் கேலி இல்லை. இத்தனை நாளாக அவர் ஒளித்து வைத்திருந்த பயம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்து நின்றது.

"மத்ததும் யாராச்சும் வேண்டிக்கினதாத்தான் இருக்கும்க்கா" என்றாள் பூக்கார அம்மா.

உண்டியலில் விழுகிற காசு எண்ணப்பட்டு வங்கிக்கு வருகிறது. வங்கியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து சில்லறையாக ஜனத்தின் கைக்கு, கையிலிருந்து தட்டுக்கும் மறுபடி உண்டியலுக்கும். ஜனம் மட்டுமா மலையைச் சுற்றுகிறது, காசும் சுற்றுகிறது. யாருடைய பிள்ளைக்காகவோ, யாருடைய புருஷனுக்காகவோ முடிந்த மஞ்சளைப் பூசிக்கொண்டு சுற்றுகிறது. இவ்வளவு வருடம் அதை வெறும் சில்லறையாக எண்ணிக் கட்டியிருக்கிறோம்.

"எல்லாத்தையும் எடுத்துக்கலாம்மா" என்றார் இவர். எடுத்துக்கொண்டால் கவர்களில் குறையுமே. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, யாரிடமாவது ஒரு ரூபாய்க் காசு இருக்குமா என்று கேட்டார். பூக்கார அம்மா சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று பேப்பரில் போட்டார்கள். அப்படியும் ஒரு காசு குறைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் கைப்பையைத் துழாவி, "இதையும் சேத்துக்குங்க" என்று நீட்டினாள். நோட்டை யாரும் வாங்கவில்லை. "வெச்சுக்கண்ணா. நல்லபடியா வந்து ஒரு டீ போட்டுக் குடு, போதும்" என்றார் அந்தக் கேலிக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாக் காசையும் ஒரே துணியில் போட்டேன். முடிச்சை இவரே போட்டார். இறுக்கமாக.

தை மாதம், படி ஏறினால் மூச்சு வாங்காத உடம்போடு கோயிலுக்குப் போனோம். உண்டியலுக்கு முன்னால் துணியை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் போட்டார். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிப்பாரே என்று காத்திருந்தேன். "எல்லாருக்கும் சேத்து" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அந்தக் கேலிக்காரர் இன்னும் டீ குடிக்க வரவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இவர் பாதையைப் பார்த்துக்கொண்டே டீ ஆற்றுகிறார். எனக்கோ, மஞ்சள் படிந்த காசு ஒன்று கையில் வந்தால் உடனே கல்லாவில் போட மனசு வருவதில்லை. ஒரு நிமிடம் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்கிறேன், யாரென்று தெரியாத ஒருவர் நல்லபடியாக வீடு திரும்பட்டும் என்று நினைத்து, அப்புறம்தான் அதைச் சுற்றப் போக விடுகிறேன்.