சோதனைச் சாவடியில் மட்டும் அணைந்த இன்ஜின்

யுத்தத்தின் கடைசி வருடங்கள், கொழும்பு. கொட்டாஞ்சேனையில் மனைவியின் தமக்கை படுத்த படுக்கையாக இருந்தார். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையிலிருந்து காரில் போவோம், திரும்பும்போது இருட்டிவிடும். வழியில் ஐந்து சோதனைச் சாவடிகள். இன்ஜின் வேறெங்கும் அணையாது, அங்கேதான் அணையும். உடனே சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்துவான். எங்களை இறக்கி, சீற்றைக் கிளப்பிப் பார்ப்பார்கள்.

"காரில ஒண்டும் இல்லை. பயத்தில உங்கட கால் நடுங்கி கிளட்சை விடுறியள்," என்றாள் மனைவி. "இன்னொருக்கா நிண்டா நான் பஸ்தான்."

கிருலப்பனையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, மறுமுனையை லப்டொப்பில் மாட்டினார்.

"பிழை காட்டுற கோட் நம்பர் ஒண்டுகூட இல்லை ஐயா. கார் நல்ல சுகமாம்."

"அப்ப என்ர கால்தானோ?"

அவர் சிரித்தார். இன்ஜின் சுற்றும் வேகம் திரையில் ஒரு கோடாக ஓடியது. அரைமணி நேரம் அதையே பார்த்திருந்தேன், கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு என் கணக்கைச் சொன்னேன்: ஏழு தடவை அணைந்தது, ஏழும் திரும்பி வரும்போது.

"வரேக்க என்ன வித்தியாசம்?"

"இருட்டு. சாவடியில ஹெட்லைட்டை அணைச்சு, உள் லைட்டைப் போட வேணுமே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, ஸ்பானரைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்திக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றார்.

"மாத்தயா, லைட் நிவன்ன!" லைட்டை அணைக்கும்படி சிங்களத்தில் அதட்டினார்.

அணைத்தேன். கோடு பள்ளத்தில் விழுந்தது. இன்ஜின் செத்தது. கார் பழுதானதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஹெட்லைட் எரியும்போது காரின் கொம்பியூட்டர் இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று விடுமாம், அணைத்ததும் குறைத்துவிடுமாம். காற்று போகும் வாயில் கரி படிந்திருந்ததால், குறைத்த பிறகு மிஞ்சியது போதவில்லை. கரியைத் துடைத்து, எவ்வளவு காற்று விடவேண்டுமென்று லப்டொப் வழியாகக் கொம்பியூட்டருக்குப் புதிதாகப் பழக்கினார். பிறகு பத்துத் தடவை சிப்பாயாக வந்தார். கோடு சற்றே தாழ்ந்து, தானாக நிமிர்ந்தது.

அடுத்த ஞாயிறு திரும்பும்போது முதல் சாவடி. ஹெட்லைட்டை அணைத்தேன், உள் லைட்டைப் போட்டேன். சிப்பாய் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கால் நடுங்குதே?" மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"நடுங்குது."

"கார்?"

"இல்லை."

சிப்பாய் அட்டைகளை நீட்டி, "யன்ன," என்றான்.

"போங்கோ," என்றாள் அவள். "இன்னும் நாலு கிடக்கு."