மண்டபத்துக்கு வெளியே நாகம்மை

நாகம்மைக்குப் பாட வராது. அடைத்துக்கொண்ட தொண்டை. மகனைத் தாலாட்டக்கூட வாயைத் திறந்ததில்லை என்பாள். திறந்திருந்தால் பிள்ளை பயந்திருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

குழித்துறையில் தபால் அலுவலக வேலை. கடிதங்களுக்கு முத்திரை குத்தும்போது மையில் ஒரு தட்டு, உறையில் ஒரு குத்து என்று அவள் கை ஆதி தாளத்தில் போகும். தாளம் தப்பினால் அன்று வீட்டில் ஏதோ சரியில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் கண்டுகொள்வார்களாம். கணவர் குமாரதாஸ் நாற்பது வயதிலேயே இறந்துபோனார். மகன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான்.

நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2004இல்தான் எனக்கு அவள் பழக்கமானாள். எங்கள் குழித்துறைத் தாமிரபரணிக் கரையில் மாலையில் நடக்கப் போவேன். அவளும் ஒரு சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு வருவாள். முதல் நாள் நான் போய்ப் பேச்சுக் கொடுத்தபோது, பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். முடிந்ததும், "இப்பம் சொல்லுங்க டீச்சர்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மறுநாளும் அவளோடுதான் நடந்தேன். ஒரு மாதத்துக்குள் டீச்சர் போய், தோழிகள் கூப்பிட்டுக்கொள்கிற ஏட்டி ஆகிவிட்டேன்.

நாங்கள் போகாத இடமில்லை. சுசீந்திரம் தேரோட்டம், நாகர்கோவில் சபாக் கச்சேரிகள், தேங்காய்ப்பட்டணத்தில் என் பிறந்த வீட்டுப் பக்கத்து மாதா கோயில் திருவிழா நாடகம். நாடகத்தில் ராஜா பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மீசை ஒரு பக்கம் கழன்றது. நாகம்மை சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்த பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார். ஆனால் அவள் ஆண்டு முழுக்கக் காத்திருந்தது இதற்கெல்லாம் அல்ல, நவராத்திரிக்கு.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் மற்ற சாமிகளும் யானை, குதிரை, பல்லக்கு என்று திருவனந்தபுரம் புறப்படுவார்கள். வழியில் ஓர் இரவு குழித்துறையில் தங்கல். அன்றிலிருந்து நாகம்மைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. திருவனந்தபுரத்தில் அரண்மனையை ஒட்டிய பழைய மண்டபத்தில் தினமும் மாலை கச்சேரி நடக்கும். அங்கே யாரும் கைதட்டக் கூடாது. அது சரஸ்வதிக்கு முன்னால் பாடுவது, சபைக்காக அல்ல. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு உள்ளே போய் உட்காருவார்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்கு வெளி முற்றம்தான்.

குமாரதாஸ் இருந்தபோது அவர் உள்ளேயும் இவள் வெளியேயும் இருந்து கேட்டிருக்கிறார்கள். திரும்பும்போது பாடியவரைப் பற்றி இவள் துருவித் துருவிக் கேட்பாள். அந்த மனுஷன் தூங்கியிருப்பார். பாடினவருக்கு நல்லா வேர்த்திருந்தது என்று மட்டும் சொல்வாராம்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் என்னிடம் சொன்னாள். "மத்த எடத்துல பாட்டு முடிஞ்சா ஆளுவ கைதட்டும், பாடினவங்க சிரிச்சுக் கும்பிடுவாங்க. இங்க ஆரும் தட்டமாட்டா. அப்பம் அந்த ஆளுக்க மொகம் எப்பிடி இருக்கும்? அது மட்டும் ஒருக்கா காணணும் எனக்கு."

டி.வி.யில் பார்க்கலாமே என்றேன். கேமரா இருக்கிறது என்று தெரிந்த முகம் வேறு முகமாக்கும் என்றாள்.

2006இல் பெண்களும் உள்ளே உட்காரலாம் என்று பத்திரிகையில் வந்தது. நாகம்மை அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். புதிதாகக் கசவு வைத்த நேரியல் சேலை எடுத்தாள். மதிய ரயிலில் போனோம். நான் எப்போதும் போல முற்றத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று வண்டியிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். என் கழுத்தில் சிலுவை. வேதக்காரர்கள் உள்ளே வரலாமா கூடாதா என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டால் அவளும் உள்ளே போகமாட்டாள். அதனால் கேட்க வேண்டாம் என்றேன். இறங்கும்போதுதான் அவள் சரி என்றாள்.

அன்று முற்றத்தில் தனியாக இருந்து கேட்டேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அந்த அமைதி வரும்போது, இப்போது பார்த்துக்கொண்டிருப்பாள், இப்போது பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில், பாறசாலை தாண்டியதும் நான்தான் கேட்டேன்.

"கண்டியா?"

"இல்ல."

"பின்ன மூணு மணிக்கூரு உள்ள இருந்து என்ன செய்தே?"

"பாட்டு முடியும்போ எல்லாம் தல இந்தப் பக்கம் திரும்பிப் போச்சு ஏட்டி, நீ எப்பமும் இருக்கிய பக்கம். அங்க எவளோ ஒருத்தி இருந்தா. பின்ன நான் முன்ன நோக்குகதுக்குள்ள அவங்க அடுத்த பாட்டுக்குச் சுதி சேக்கத் தொடங்கியாச்சு."

ஒரு தடவை தப்பலாம், எல்லாப் பாட்டுக்குமா என்று கேட்டேன். கடைசிப் பாட்டுக்குத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். அப்படியும் கண் போய்விட்டதாம். இருவரும் சிரித்தோம். களியக்காவிளையில் பஸ் மாற இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த ஆண்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல், மண்டபத்து வாசலில் நின்ற ஆளிடம் நேரே போய்விட்டாள். பாதி மலையாளத்திலும் பாதி எங்கள் ஊர்த் தமிழிலுமாக, இவ எனக்க கூட்டுக்காரி, வேதக்காரி, உள்ள வரலாமா என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்த மனிதர் நல்லவர். என் சிலுவையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேருடைய நரைத்த தலையையும் பார்த்தார். தனக்குத் தெரியவில்லை, உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன், இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிப் போனார். கூட்டத்தில் யார் பிடித்துக்கொண்டார்களோ, என்ன வேலை வந்ததோ, அவர் திரும்பி வரவில்லை. கச்சேரி தொடங்கிவிட்டது.

நீயாவது போ என்று அவளைத் தள்ளினேன்.

"பேசாம நில்லு ஏட்டி. அவரு வருவாரு."

வாசற்படியிலேயே நின்றோம். அங்கிருந்து தெரிந்தது ஒரு தூணும், விளக்கு வெளிச்சமும், வயலின் வாசித்தவரின் முழங்கையும்தான். பாட்டு முடிந்ததும் அந்த முழங்கை மெல்ல இறங்கி மடியில் அமரும். நாகம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போய் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினாள். உள்ளே இடமிருந்தது, அவளுக்குத் தடையும் இல்லை. கடைசிவரை அவள் அந்தப் படியைத் தாண்டவில்லை.

அடுத்த தடவை சீக்கிரமே வந்து பெரியவர்களாகப் பார்த்துக் கேட்போம் என்று பஸ்ஸில் திட்டம் போட்டாள். அடுத்த தடவை வாய்க்கவில்லை. 2008 தை மாதம் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கை போயிற்று. பேச்சு பாதி வந்தது, பாதி வரவில்லை. மாலை நேரங்களில் அவள் கட்டிலருகே ரேடியோவை வைத்துக் கேட்போம். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி வருமே, அப்போது தலையணையில் அவள் முகம் என் பக்கம் திரும்பும். நான்கரை ஆண்டுகள் அப்படி இருந்தாள். 2012 ஆனி மாதம் இறந்துபோனாள். மகன் வரும்வரை வைத்திருந்து எரித்தார்கள்.

இன்று சாயங்காலம் சாமிகள் குழித்துறைக்கு வந்தன. பாலத்துப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். நாளைக் காலையில் புறப்பட்டுவிடும். அந்த வாசற்காரர் அன்று உள்ளே போய் யாரிடம் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. கச்சேரி தொடங்கும் நாளில் மதிய ரயிலில் ஏறினால் போதும், போய்க் கேட்டுவிடலாம்.

கூடாது என்று சொன்னால் முற்றத்தில் இருந்து கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அது எனக்குப் பழக்கம்தான். வரலாம் என்று சொல்லிவிட்டால், அவள் இல்லாமல் நான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் இந்த ஆண்டும் போகப்போவதில்லை.