தேன் விற்க மறுத்த ஜுலைகா அக்கா

வியாழக்கிழமை காலை, பெருங்களத்தூர் சிக்னலில் எங்கள் கம்பெனி பஸ் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தபோது, 'பால்வாடி' குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஜுலைகா அக்காவின் எண்ணிலிருந்துதான். அக்கா மூன்று நிமிடத்துக்குக் குறைவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இது பதினோரு நொடி. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். காதில் வைத்தால் அவருடைய கணவர் ஜமால் பாயின் குரல். அதிகாலைத் தொழுகைக்கு எழுந்த அக்கா, நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாராம். பிறகு எழவில்லையாம். மாலை அடக்கம் என்றார். நான் டிரைவரிடம் சொல்லிவிட்டு அங்கேயே இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் நின்று அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அந்த நெரிசலில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்.

எங்கள் பால்வாடி அரசாங்கப் பால்வாடி அல்ல. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் தொடங்கிப் படப்பை வரைக்கும் இருக்கிற, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு. அதைத் தொடங்கியவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கேம்ப் ரோட்டில் தேனும் பேரீச்சையும் முந்திரியும் விற்றுவந்த நாற்பத்தேழு வயதுப் பெண்மணி. குழுவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் பாதி தெரியும். தெரியாதவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். சோகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது.

போன வருடம் என் மகள் யாழினி சிசேரியனில் பிறந்தாள். ஒரகடத்தில் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன் நான். அளந்து பார்க்காத எதையும் நம்பாத புத்தி எனக்கு. குழந்தையோ மார்பைப் பிடிப்பாள், இரண்டு முறை இழுப்பாள், விட்டுவிட்டு வீறிட்டு அழுவாள். எடை குறைந்துகொண்டே போனது. டப்பாப் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார் குழந்தை மருத்துவர், கொடுத்தோம். நான் பம்பில் எடுத்த பால் ஒவ்வொரு வேளையும் எத்தனை மில்லி என்று ஓர் அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இருபது, பதினைந்து, பன்னிரண்டு. ஆலையில் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, பால் இருக்கா என்பதுதான். என் பாலில் என் குழந்தை வளர வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது நடக்காது என்று நான் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் தேன் வாங்கப் போனார். முப்பதாம் நாள் தொட்டிலிடும்போது குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுச் சேனை வைக்க வேண்டும். சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்காக, பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற என் கணவரின் பெரியப்பாவிடம் அத்தை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பெரியப்பாவின் குணங்களில் குறட்டையும் ஒன்று என்று நான் சொன்னது அத்தைக்குப் பிடிக்கவில்லை. சுத்தமான தேன் கிடைக்கும் என்று யாரோ கைகாட்ட, ஜுலைகா அக்காவின் கடைக்குப் போயிருக்கிறார். அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார், முகம் கடுகடுவென்றிருந்தது.

"தேன் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு தேன் தரமாட்டேங்கறா அந்தப் பொண்ணு. யாருக்குன்னு கேட்டா, பேத்திக்குன்னேன். எடுத்த பாட்டிலைத் திரும்ப உள்ள வெச்சுட்டா."

அன்று மாலையே அந்தப் பொண்ணு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடையில் அத்தை விட்டுவிட்டு வந்த குடையைக் கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்து அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு வயது ஆகாத குழந்தையின் வயிறு தேனைத் தாங்காது என்று நிதானமாக விளக்கினார். தேனில் கண்ணுக்குத் தெரியாத கிருமி விதை இருக்கக்கூடும், நமக்கு ஒன்றும் ஆகாது, பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் இதுதான் கதையாம். தங்கள் சொந்தத்திலும் பிறந்த குழந்தை நாக்கில் தேன் தடவும் பழக்கம் உண்டு, அங்கேயும் வருடக்கணக்கில் இதே பஞ்சாயத்துதான் என்று சொல்லிச் சிரித்தார். அத்தைக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. தனக்கு மட்டும் நடந்த அவமானம் இல்லை என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல்.

கிளம்பும்போதுதான் அக்கா ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். நான் ஏதோ பரீட்சைத் தாளைக் காட்டியவள் மாதிரி நின்றேன். அவர் அதைக் கிழிக்கவில்லை. எடுத்துத் திருப்பி ஒட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"மில்லி கணக்கெல்லாம் அந்தாண்ட கெடக்கட்டும். இந்தப் பக்கத்துல நீ இன்னா சாப்ட்டன்னு எழுது."

எழுதப் போனால் எழுத ஒன்றுமில்லை. காலையிலிருந்து இரண்டு ரஸ்க்கும் காப்பியும். பத்தியம் என்ற பெயரில் வீட்டில் பாதியைத் தடை செய்திருந்தார்கள், மீதியை நானே தொடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு வேறு நான்கு நாளாக வேலைநிறுத்தம். வெளியே சொல்லக் கூச்சப்பட்ட அதை, அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்தப் பெண்மணியிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். அடுத்த நாள் ஒரு பாட்டில் வந்தது. எனக்கு மட்டும் என்று மூடியிலேயே எழுதியிருந்தது.

அதுதான் அவர் கடையின் புதுச் சரக்கு, நார்ச்சத்து சேர்த்த ப்ரீபயாடிக் தேன். அதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. சரக்கு வந்த அன்று கடை வாசலில் கொட்டை எழுத்தில் 'ப்ரீபயாடிக் தேன்' என்று எழுதி வைத்தார். மாலைக்குள் ஆறு பேர் வந்து ஃப்ரீ தேன் எங்கே என்று நின்றார்கள். ஒரு பெரியவர், பயாடிக் வேண்டாம், ஃப்ரீ மட்டும் போதும் என்றாராம். போர்டை எடுத்திருக்கலாம். அக்கா எடுக்கவில்லை. எழுதிவிட்டோம், கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அன்றிலிருந்து கடைக்கு வரும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டித் தேனை உள்ளங்கையில் ஊற்ற ஆரம்பித்தார். கேம்ப் ரோட்டில் கையை நக்கியபடி யாராவது நடந்து போனால் அக்கா கடையிலிருந்து வருகிறார் என்று அர்த்தம்.

நான் என் புத்தியைக் காட்டினேன். ப்ரீபயாடிக் என்றால் என்ன, எந்த லேபில் சோதித்தார்கள், அறிக்கை எங்கே என்று கேட்டேன். அக்கா அசரவில்லை. நம் குடலுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடித்தனம் இருக்கின்றன, அவர்களுக்குப் போடும் சாப்பாடு இது, வாழைப்பழமும் பூண்டும் வெங்காயமும்கூட அதே சாப்பாடுதான் என்றார். தயிர்ச்சோறும் சாப்பிடு, தண்ணீரும் குடி, தேன் மட்டும் வந்து உன்னைத் தூக்கி நிறுத்தாது என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தன் கடைச் சரக்கைப் பற்றி இப்படிப் பேசிய வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"தேன் சாப்ட்டா பால் ஊறும்னு எவனா சொன்னா நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. இது உன் வயித்துக்கு. பாலுக்கு வேற ஆள் கீது, நாளைக்கு இட்டுகினு போறேன்."

மூன்றாவது நாள் என் வயிறு வேலைக்குத் திரும்பியது. தேனா, தயிரா, வாழைப்பழமா, தண்ணீரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. மூன்றாவது நாளில் எதையும் நிரூபிக்கும் மனநிலையிலும் நான் இல்லை.

அக்கா சொன்ன வேறு ஆள், தாம்பரத்தில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா சிஸ்டர், அவருடைய வாடிக்கையாளர். அக்கா என்னையும் குழந்தையையும் ஆட்டோவில் அழைத்துப் போனார். சிஸ்டர் ஒரு நிமிடம் பார்த்தார், என் முழங்கையை உயர்த்தினார், குழந்தையின் வயிற்றை என் வயிற்றோடு சேர்த்தார். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது, சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் போக வேண்டும், வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திரு என்றார். நான்காவது முயற்சியில் யாழினி பிடித்தாள். அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். மடக், மடக் என்று அவள் விழுங்குகிற சத்தம் கேட்டது. நான் அழுதேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, உன் பாலிலேயே அவள் வயிற்றுக் குடித்தனக்காரர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு இருக்கிறது, அவளுக்குத் தேன் எதற்கு என்று காதோரம் சொன்னார். அடுத்த சில வாரங்களில் எடை ஏறியது. மருத்துவரைக் கேட்டுக் கேட்டு டப்பாவைக் குறைத்தோம். டப்பாவை நான் திட்டியபோது அக்கா விடவில்லை. அவருடைய மூத்த மகன் முழுக்க அதில்தான் வளர்ந்தானாம், இப்போது ஆறடி உயரமாம்.

தொட்டிலிடும் நாள் வந்தது. சேனைக்கு என்ன செய்வது? அத்தையும் அக்காவும் போனில் கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெரியப்பா பட்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தார். அத்தை வெள்ளிப் பாலாடையில் கொஞ்சம் பாலை நீட்டினார். பெரியப்பா சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஒரு சொட்டுத் தொட்டுக் குழந்தை நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு, தேன் இல்லையா, இது எந்தப் பால் என்று கேட்டார். அத்தை முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"வீட்டுப் பால்தாங்க" என்றார்.

நான் சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்கா அங்கே ஏற்கெனவே சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. இதைப் படிப்பவர்கள் யாரும் சொல்ல வேண்டாம்.

பால்வாடிக் குழு அதற்குப் பிறகு பிறந்தது. அக்கா தாய்மார்களின் எண்களையெல்லாம் பால் நித்யா, பால் கவிதா, பால் ஷாஹிதா என்று போனில் பதிந்து வைத்திருந்தார். பால் நித்யா நான்தான். 'பால்' என்று தேடி, வந்த பெயர்களையெல்லாம் குழுவில் சேர்த்தார். அதில் பால் முருகேசனும் சேர்ந்துவிட்டார். முருகேசன் அண்ணன் சேலையூரில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். மூன்று மாதம் நாங்கள் காம்பு வெடிப்பு, பால் கட்டு என்று எழுதித் தள்ளியதையெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் திடீரென்று அவருடைய செய்தி வந்தது. தன் மருமகளுக்குப் பால் கட்டியிருக்கிறது, ஒத்தடம் கொடுத்தும் காய்ச்சல் அடிக்கிறது, யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். குழு உறைந்துபோனது. அக்கா மட்டும் உடனே பதில் போட்டார். காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டு, மருமகளையும் குழுவில் சேர்த்தார். அண்ணனை நீக்கவில்லை. எங்களில் யாரும் நீக்கச் சொல்லவும் இல்லை.

யாழினியின் முதல் பிறந்தநாளுக்கு அடுத்த நாள் அக்கா சிறிய பாட்டிலோடு வந்தார். இனி சட்டப்படி கொடுக்கலாம் என்று ஒரு துளியை அவள் நாக்கில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்து, துப்பி, என் பக்கம் தாவினாள். அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தேன் கடைக்காரர்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. எனக்குப் பால் கொடுக்கத் தனியறை வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும். தடுப்பூசிக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் குழந்தை பசிக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவேன், முடியாவிட்டால் அழவிட்டுக்கொண்டே ஓடிவருவேன். கடைக்கு எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஃபேன் கீது, தண்ணி கீது, என் துப்பட்டா கீது, இன்னும் இன்னாத்துக்கு வெக்கம் என்று அக்கா கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஒருமுறைகூட அங்கே உட்காரவில்லை. அது இப்போது என்னைக் குடைகிறது.

அந்த வியாழக்கிழமை மதியம் அத்தையோடும் யாழினியோடும் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடம் நிறையப் பெண்கள், மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார்கள். நடுவே அக்கா வெள்ளைத் துணியில் படுத்திருந்தார். அத்தை புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் யாழினி சிணுங்கினாள், சிணுங்கல் அழுகையானது, என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நான் பழக்கப்படி எழுந்தேன். அக்காவின் மூத்த சகோதரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"எங்கம்மா போற? இது என் தங்கச்சி வூடு. இங்கியே குடு."

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஓதுகிற குரல் நிற்கவில்லை. நான் அக்காவுக்கு எதிரிலேயே, அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து என் மகளுக்குப் பால் கொடுத்தேன். அவள் வயிறு நிறையக் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக நான் எந்தக் கதவையும் தேடவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். இனி என் பிள்ளைக்கு எங்கே பசிக்கிறதோ, நான் அங்கேயே உட்காருவேன்.