கிரேன் மேலே திறக்காத டிபன் பாக்ஸ்

என் அக்கா வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுபவர். கீழே நின்று வாக்கி டாக்கியில் தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்லும் சிக்னல்மேன் நான். பதினொரு வருடமாக இப்படித்தான் எங்கள் பிழைப்பு.

சைட்டில் அவருக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர். வைத்தவன் நான்தான், வேறு யார்? காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். ஐம்பது மீட்டர் ஏணி. மேலே கழிப்பறை கிடையாது. சாப்பிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் கிரேன் நிற்கும், கீழே நாற்பது பேர் சும்மா நிற்பார்கள். அதனால் வாயைக் கட்டிவிட்டார். "எங்க ஒட்டகம் மாதிரி எவனாவது உண்டா?" என்று மற்ற சைட்காரர்களிடம் நான் அளந்தது கொஞ்சநஞ்சமல்ல.

நாலு வருடம் முன்பு அவருக்குச் சர்க்கரை வந்தது. காலையில் மாத்திரை, அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு, அப்புறமும் வேளை தவறக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா எதிரே நின்று மாத்திரையை விழுங்க வைப்பாள். "சாப்பாட்ட மேல போய்ச் சாப்பிட்டுக்கறேன்" என்று அவர் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார்.

அன்றொரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். ஒன்பதாவது மாடிக்குக் கம்பிக் கட்டு போய்க்கொண்டிருந்தது.

"இடது பக்கம் திருப்புங்க மச்சான்."

வலது பக்கம் திரும்பியது.

"மச்சான், இடது!"

"யாருடா நீ? எனக்கே சொல்ல வந்துட்டியா?"

குரல் குழறியது. என்னை ‘மாப்ள’ என்பதைத் தவிர அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் நின்ற இன்ஜினியர், "என்னப்பா, குடிச்சிருக்காரா?" என்றார். ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிரேன் நின்றுவிட்டது. ஒன்றரை டன் கம்பி அந்தரத்தில் ஆடியது, அதற்கு நேர் கீழே கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்டரிங் ஆட்கள். "ஓடுங்க! ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தி அவர்களை விரட்டிவிட்டு ஏணியில் ஏறினேன்.

கேபினில் நான் கண்ட காட்சி! அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மச்சான் கதவைத் திறந்து, வீட்டு வாசல்படி இறங்குகிற மாதிரி, வெறும் காற்றில் காலை வைக்கப் போனார். பாய்ந்து இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தேன். என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் உடனே கொடுக்க வேண்டும் என்று அக்கா மடித்து வைத்த சர்க்கரைப் பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்.

"மாப்ள, கிரேன் ஏன் நிக்குது?"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சாயங்காலம் அக்காவும் நானும் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை எகிறியிருந்ததால் மூன்று முறை மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

"எப்பவும் வேலை முடிஞ்சுதானே டெஸ்டுக்கு வருவீங்க? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவீங்க?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு... ரெண்டையும் கீழ இறங்கினதும் ஒண்ணா சாப்பிட்டுருவேன் சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பகலெல்லாம் வயிறு காய்ந்து கிடக்க, மாத்திரை சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கியிருக்கிறது. மாலையில் மொத்தமாகத் தின்றதும் எகிறிய சர்க்கரையைப் பார்த்து மாத்திரை கூடியிருக்கிறது. கூடிய மாத்திரையோடு மனிதர் மறுநாள் ஏணி ஏறியிருக்கிறார்.

"பாக்ஸ் தினமும் காலியாத்தானே வந்துச்சு..." என்று முனகிய அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "கீழதானே நின்ன? உனக்குத் தெரியுமா?"

தினமும் மாலையில் சிமெண்ட் மூட்டை மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அவசர அவசரமாக அள்ளித் தின்பதைப் பார்த்து, "ஒட்டகம் ரொப்புதுடா!" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தவன் நான்.

"தெரியும்க்கா" என்றேன்.