சீமெந்து முத்திரை பெற்ற கடற்குளியல்

மதிப்பிற்குரிய ஆவணக் காப்பகத்து ஐயா, அம்மணி,

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வசித்துவரும் நானும் என் துணைவியாரும் சென்ற மாசி மாதம் ஒரு வெப்பத்தீவுக்குக் கடற்கரை விடுமுறை சென்று திரும்பினோம். அதன் விபரம் எங்கள் மகளுக்கே முழுமையாகத் தெரியாது.

துணைவியார் தம் வாழ்நாளில் கடலில் இறங்கியவர் அல்லர். கிணற்றடியில் பெண்கள் மார்புக்குக் குறுக்காகச் சேலை கட்டிக் குளிப்பதைப்போல, குறுக்குக்கட்டுடன் ஒரேயொரு முறை கடலில் குளிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் எவர் கண்ணும் படலாகாது. அதற்கு நாங்கள் பிறந்த ஊருக்கே போகலாமே என்றேன்.

"ஊர்க் கடலில கால் வச்சால், நான் தலை துவட்ட முதல் கனடாவில இருக்கிற சொந்தக்காரருக்குக் கதை போயிடும்," என்றார்.

சித்திரையில் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடக்கவிருந்தது. அதன்பின் மணலில் நடக்கலாமென்று உறுதி கூற வைத்தியர் மறுத்துவிட்டார். ஆகவே இதுவே தருணம்.

பயண முகவர் காட்டிய படத்தில் ஒரு தென்னையும் ஆளற்ற கரையும் இருந்தன. படம் எப்போது எடுக்கப்பட்டது என்று நான் வினவாதது என் பிழையே. நாங்கள் சென்றடைந்தபோது தென்னை நின்றது. அதன் இருபுறமும் விடுதிகள் மாடி மாடியாக எழும்பிக்கொண்டிருந்தன. கட்டடச் சாரங்களில் நின்ற தொழிலாளருக்குக் குடா முழுவதும் உள்ளங்கைபோலத் தெரிந்தது. இரண்டாம் நாள் நாங்கள் பார்த்துவைத்த ஒதுக்கிடத்தை மூன்றாம் நாள் தகர வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். எங்கள் விடுதியின் வரவேற்பாளர், கொடுக்கும் வரைபடத்தைக் காலைதோறும் பேனையால் திருத்தியே கொடுத்தார்.

கரையில் கிடக்கும் வெள்ளைக்காரர் அனைவரின் உடுப்பையும் சேர்த்துத் தைத்தாலும் உமது சேலைக்கு நாலு முழம் குறையும், பின் என்ன வெட்கம் என்று தேற்றிப் பார்த்தேன்.

"அவையள் பாத்தால் எனக்கொண்டுமில்லை," என்றார். "மேல நிக்கிறவை எங்கட ஆக்கள் மாதிரியெல்லோ இருக்கினம்."



இன்னும் இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன. ஜெர்மனியில் இத்தனை காலம் வாழ்ந்த ஒருவர் இந்நிலையில் எதைச் செய்வாரோ அதையே நானும் செய்தேன். ஓர் அன்ராக் எழுதினேன். அதாவது, கட்டட மேற்பார்வையாளருக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம். 'நோக்கம்: குளித்தல். ஆட்கள்: ஒருவர். தேவையான காலம்: முப்பது நிமிடங்கள்' என்று குறிப்பிட்டு, ரெர்மின் எனப்படும் முன்குறித்த நேரம் ஒன்று ஒதுக்கித் தருமாறு கேட்டிருந்தேன். வரவேற்பாளர் அதனைத் தீவின் மொழியில் பெயர்த்தார். இடையிடையே மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

மேற்பார்வையாளர் மஞ்சள் தலைக்கவசம் அணிந்த பெரிய மனிதர். விண்ணப்பத்தை இருமுறை வாசித்தார். என்னையும் தூரத்தில் குடையுடன் நின்ற துணைவியாரையும் மாறி மாறிப் பார்த்தார். பின் 'வியாழன், காலை ஆறரை' என்று எழுதி, சீமெந்து மூடைகள் வந்திறங்கும்போது பற்றுச்சீட்டில் குத்தும் முத்திரையை அதில் குத்தித் தந்தார். அவரிடம் இருந்த முத்திரை அது ஒன்றே.

வியாழன் ஆறேகாலுக்கே நாங்கள் தென்னையடியில் நின்றோம். சரியாக ஆறரைக்கு ஒரு விசில் ஒலித்தது. சாரங்களில் நின்ற அத்தனை பேரும் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பினார்கள். பாரந்தூக்கிகூடத் தன் நீண்ட கையை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டது.

துணைவியார் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் திரும்புங்கோ."

"நானுமோ? ரெர்மின் எடுத்ததே நானப்பா."

"ஓம். அதுக்கு நன்றி. திரும்புங்கோ."

திரும்பினேன். பின்னால் தண்ணீர் அளையும் ஓசை கேட்டது. ஒரு சிறு கூவல். பின்னர் சிரிப்பு, எங்கள் வீட்டு வரவேற்பறையில் நான் ஒருநாளும் கேட்டிராத சிரிப்பு. என் கண்ணெதிரே ஐம்பது முதுகுகளும் ஒரு சீமெந்துக் கலவை இயந்திரமும் மட்டுமே இருந்தன.

ஏழு மணியாயிற்று. மேற்பார்வையாளர் கடற்பக்கம் முகத்தைத் திருப்பாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்துவந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். காலந்தவறாமையைப் பெரிதும் மதிப்பவனாகிய நான், "நேரம் முடிஞ்சுது," என்று குரல் கொடுத்தேன்.

"நேரத்தை நீங்களே வச்சிருங்கோ. நான் இப்ப வரேல்லை," என்று கடலிலிருந்து பதில் வந்தது.

மேற்பார்வையாளருக்கு மொழி விளங்காவிடினும் பொருள் விளங்கிற்று. அவரும் மணமானவராக இருக்கவேண்டும். எனக்கு அருகிலேயே மணலில் அமர்ந்தார். ஏழு இருபதுவரை தீவின் அபிவிருத்தி நின்றது.

வீடு திரும்பியதும் மகள் படம் எங்கே என்று கேட்டார். படம் இல்லை. துணைவியாரைக் கேட்டால், "தண்ணி உப்பு," என்பதற்கு மேல் எதுவும் கூறுவதில்லை. சென்ற வாரம் அந்த விடுதி அனுப்பிய புதிய விளம்பரத்தில் தென்னையும் இல்லை. அவ்விடத்தில் நீச்சல் குளம் ஒன்று காணப்படுகிறது. எஞ்சியிருப்பவை முத்திரை குத்திய அந்தக் கடதாசியும், எதையுமே காணாத என் சாட்சியமும்தான்.

ஆகையால் ஐயா, அம்மணி, இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து அனுப்புகிறேன். தயைகூர்ந்து பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.