அஸர் வாங்குக்குப் பிறகு

என் பழைய காரோடு வந்த செட்டில் ரேடியோ மட்டும்தான் பாடியது. கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் வயரிங்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“கசெட் பக்கம் மௌத்தாப் போயிட்டு நானா, இனி உயிர் வராது. கழட்டிட்டு புதுசொண்டு பூட்டுங்க.”

எனக்குச் சுள்ளென்றது. கசெட் வடிவில் ஓர் அடாப்டர் வாங்கி வந்து, அவர் கண்ணெதிரே செட்டுக்குள் தள்ளினேன். அதன் வயரை என் எம்பி3 பிளேயரில் செருகினேன். விளக்கு எரிந்தது, சத்தமில்லை. மூன்று மணி வரை வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். அவர் சிரிப்பு மாறவில்லை.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். வழக்கம்போல் என் கை சத்தத்தைக் குறைக்கப் போனது. குமிழ் அதற்கு மேல் குறையவில்லை. நண்பகலில் லுஹர் வாங்கு கேட்டபோது ரேடியோ சத்தத்தை முழுதாகக் குறைத்தவன் நான்தான், திரும்பக் கூட்டவேயில்லை!

இருவரும் தொழுதுவிட்டு வந்ததும் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். பிளேயரின் பாட்டில் கராஜின் கூரைத் தகரம் அதிர்ந்தது.

“நானா, கொஞ்சம் குறைங்க!” என்று அவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

“ஓம், குறைக்கிறன்,” என்றேன். “பொழுதுபட்டு மஃரிபுக்கு வாங்கு சொல்லட்டும்.”