முதல் ஒரு ஜிபி

ஜமுனாமரத்தூரில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு சின்ன வீடியோ கடை இருக்கிறது. மலையில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் கேமராவோடு போகிறவன் நான்தான். எடுப்பதில் சுறுசுறுப்பு, கொடுப்பதில்தான் மந்தம். ‘அடுத்த வாரம் ரெடி’ என்று நான் சொன்னால், எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று ஊரே கேட்கும். அதை நானே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

தை மாதம் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா சாமை விதைக்கிறவர். கேமராவைக் கண்டால் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, மைக்கை வாயருகே நீட்டி, மகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் ஒரு கிண்டல் சேர்த்தேன். பந்தலே சிரித்தது. அவர் மனைவி அப்போது பின்பக்கம் சோறு வடித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

ஆடியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை. அவர் குரல் இருந்தது என் எஸ்எஸ்டி டிரைவில் மட்டும்தான். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்திருந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கடைக்கு வந்தார்.

“தம்பி, கல்யாண வீடியோ எப்பதான் குடுப்ப? அவரு பேசனாராமே. எம் பொண்ணு சொல்லிச்சி. அத மட்டுமாச்சும் குடு.”

“சந்தை அன்னிக்கு வாங்கக்கா. கண்டிப்பா ரெடி.”

“போன தபாவும் இதான் சொன்ன.”

அவர் போனதும் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி வேலையை ஆரம்பித்தேன். வீடியோ நாலு அடி ஓடி நின்றது; மறுபடி ஓடி, மறுபடி நின்றது. என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய் போட்டுக் கொடுத்தது. அவர் கற்றுக்கொடுத்த கட்டளையால் டிரைவின் படிக்கும் வேகத்தைப் பார்த்தேன். நொடிக்கு நானூறு எம்பி காட்டுகிற டிரைவ் முப்பத்தாறு காட்டியது. மறுபடி பார்த்தேன். முப்பத்தைந்து.

எனக்கு வியர்த்துவிட்டது. ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் பக்கத்தில் நின்று கிண்டல் அடிக்கிற ஆள் நான். அன்றைக்கு டிரைவை மோந்து பார்த்தேன். மின்விசிறிக்கு நேராகக் காட்டினேன். உள்ளே சுழலும் பாகமே இல்லாத ஒரு பொருளில் சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். வரவில்லை. சரி, செத்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றாமல் இல்லை. ஆனால் நாலு மணி நேரம் ஆகும் என்று திரையில் காட்டியதும் பொறுமை போய், நிறுத்திவிட்டேன். ஒன்பது மாதம் அந்த அக்காவைக் காக்க வைத்தவனுக்கு நாலு மணி நேரம் உட்கார முடியவில்லை.

எழுதும் வேகம் எப்படி என்று பார்க்கலாம் என இணையத்தில் தேடி ஒரு கட்டளையை எடுத்தேன். அது ஒரு ஜிபி அளவுக்கு வெறும் பூஜ்யங்களை ஒரு கோப்பில் எழுதி, எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும். கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் டிரைவின் பெயரையே அடித்தேன். லினக்ஸ் கடவுச்சொல் மட்டும் கேட்டது. அதை ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன். அன்று நான் பிழையில்லாமல் செய்த ஒரே காரியம் அது.

அரை நிமிடத்தில் முடிந்தது. வேகம் முப்பத்தெட்டு. பரவாயில்லையே என்று வேறு நினைத்தேன். பிறகுதான் டிரைவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

பாய்க்குப் போன் போட்டேன்.

“அண்ணே, மூச்சு வுடுங்க மொதல்ல. இன்னா பண்ணீங்க?”

சொன்னேன்.

“யா அல்லா. டிரைவு தலையிலயே பூஜ்யத்த எழுதிட்டீங்களா? சரி, இனி அதுல ஒரு எழுத்துகூட எழுதாதீங்க. ஆமா, கேபிள எந்த ஓட்டைல சொருகினீங்க?”

“கருப்புல.”

“நீலம்தான வேகமான ஓட்டை! நான் எத்தினி தபா சொல்லிக்கீறேன்? நீலத்துக்கு இன்னா ஆச்சி?”

“அதுல சந்தனம் அடைச்சிருக்கு பாய்.”

“இன்னாது?”

“ஆயுத பூஜைக்கு வெச்சேன். முன்பக்கம் பொட்டு வெக்க வேற எடம் இல்ல. காஞ்சி கல்லாட்டம் கீது. கேபிள் போவல. அதான் பக்கத்துல சொருகிட்டேன்.”

“அண்ணே, டிரைவுக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்க அதோட மூக்க அடைச்சிட்டு மூச்சு வாங்குதுன்னு ஆபரேஷன் பண்ணிக்கீறீங்க.”

வேறு நாளாக இருந்தால் இந்த வாக்கியத்தைத் திருடி ஊரெல்லாம் என் பெயரில் ஓட்டியிருப்பேன். அன்று போனைக் காதில் வைத்தபடி, குண்டூசியால் சந்தனத்தைச் சுரண்டினேன். கேபிளை நீலத்தில் செருகி, படிக்கும் வேகத்தைத் திரும்பப் பார்த்தேன். நானூற்றுப் பத்து.

பாய் சொன்னபடி ஒரு மீட்பு மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டேன். பெயரில்லாமல், வரிசையில்லாமல், பெரும்பாலான துண்டுகள் திரும்பி வந்தன. தாலி கட்டுவது, பந்தி, மாப்பிள்ளை செருப்பைத் தேடுவது எல்லாம் வந்தது. பூஜ்யம் விழுந்த முதல் ஒரு ஜிபி மட்டும் வரவில்லை. கார்டிலிருந்து நான் முதலில் ஏற்றிய துண்டுகள் அங்கே இருந்தன. பெண்ணின் அப்பா பேசியது அதில்தான்.

சந்தை நாளில் அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தார். திரையில் எல்லாவற்றையும் பார்த்தார். ஓர் இடத்தில் கணவரின் முதுகு தெரிந்தது. அதை இரண்டு முறை ஓட்டச் சொன்னார்.

“மைக்க குடுத்து பேச வெச்சியாமே, அது எங்க தம்பி?”

“அது மட்டும் வரலக்கா.”

“மெசினு கெட்டுப்போச்சா?”

தலையாட்டினேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

“பாவம், மெசினு இன்னா பண்ணும்? நீ பக்கத்துலதான நின்ன. இன்னா சொன்னாருன்னு நீ சொல்லு, கேட்டுக்கறேன்.”

யோசித்தேன். ‘அண்ணே, மைக்கு கடிக்காது, சாமி வந்தவராட்டம் நடுங்காதீங்க’ என்று நான் அடித்த கிண்டல் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. யார் யார் சிரித்தார்கள் என்பதும் நினைவிருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

“நல்லா இருன்னு சொன்னாருக்கா” என்றேன்.

“அப்டிதான் சொல்லுவாரு” என்று, நான் வீடியோவை ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

வெளியே ஆலங்காயம் பேருந்து நின்றிருந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்காரும்வரை கடைக்குள்ளேயே இருந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக அவர் ஜன்னலுக்குப் போனது.

“அக்கா, மெஷின் நல்லாத்தான் கீது. நான்தான் அழிச்சேன். அவரு இன்னா சொன்னாருன்னும் எனக்கு நெனவில்ல.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“வெளையாட்டுக்குச் சொல்றியா, நெசமா சொல்றியா? உம் மூஞ்சிய பாத்தா ஒண்ணும் தெரில தம்பி.”

நிஜம்தான் என்றேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.